சுடலைமுத்து மாமா ஆறு தடவை வந்தார்

நான் யாரையும் கொன்றதில்லை. ஆனால் செத்துப்போன ஒருவரைத் திரும்பக் கூட்டி வந்திருக்கிறேன். அதுவும் ஒரே மத்தியானத்தில் ஆறு தடவை.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. முலுண்டில் ஒரு கம்பெனியில் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. "எங்க செல்வி கம்ப்யூட்டரையே பிரிச்சு மாட்டுவா" என்று நாங்கள் குடியிருந்த மாட்டுங்கா லேபர் கேம்ப் முழுக்க அப்பா சொல்லி வைத்திருந்தார். (அதுவரை நான் மாட்டியது ஆபீஸ் ஐடி கார்டு மட்டும்தான்.) அதை நம்பித் தமிழ்ச் சங்கச் செயலாளர் அருணாசலம் அண்ணாச்சி எனக்கு ஒரு வேலை கொடுத்தார்.

சங்கத்தின் இணையதளத்தில் ரத்தம் கொடுப்பவர்களின் பட்டியல் இருந்தது. எழுத்துக்கு எழுத்து சரியாக அடித்தால்தான் ஆள் கிடைப்பார். ஒரு 'ய்' கூடினால் சுப்பையா காணாமல் போய்விடுவார். அதற்காக ஒரு தேடுபொறியை நிறுவினேன். பட்டியலில் இருக்கும் விவரங்களை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அதில் கொண்டுபோய்ச் சேர்க்க ப்ளகின் என்ற ஒரு குட்டி நிரல் எழுதினேன். அதிகத் தடவை ரத்தம் கொடுத்தவர் பெயர் முதலில் வர வேண்டும் என்றும் அமைத்தேன். சனிக்கிழமை எல்லாவற்றையும் இணையதளத்தில் ஏற்றியாயிற்று.

ஞாயிறு மத்தியானம் அண்ணாச்சி கூப்பிட்டார். வெளியே கொட்டும் மழை. மாவு மில்லுக்கு மேலே இருந்த சங்க அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். அவர் ஒற்றை விரலால் 'பி பாசிட்டிவ்' என்று தட்டினார். முதல் பெயர் வந்தது. விரல் அந்தரத்தில் நின்றது.

"எம்மா, இது சுடலைமுத்துல்லா?"

"ஆமா அண்ணாச்சி, நாப்பத்தோரு தடவை குடுத்திருக்காங்க. நிலை, தயார்னு வருது பாருங்க" என்றேன் பெருமையாக.

"எங்க தயாரா இருக்கான்? அவன் செத்து எட்டு மாசம் ஆவுதும்மா! நாந்தானே முன்னால தூக்கிட்டுப் போனேன்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மூலப் பட்டியலைத் திறந்து பார்த்தேன். அதில் அவர் பெயர் இல்லை. பதினாறாம் நாள் விசேஷம் முடிந்த கையோடு அண்ணாச்சியே நீக்கியிருந்தார். இல்லாத பெயர் எங்கிருந்து வந்தது? தேடுபொறியிலிருந்து அழித்தேன். போய்விட்டார்.

"சின்னத் தப்புதான் அண்ணாச்சி."

டீ குடித்து முடித்தபோது திரும்பவும் இருந்தார். நிலை: தயார்.

மறுபடி அழித்தேன். ஐந்து நிமிடத்தில் மறுபடி வந்தார். மூன்றாவது தடவை அண்ணாச்சி நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். நான்காவது தடவை சட்டைப்பையில் இருந்த திருநீற்றை எடுத்து மானிட்டரின் நெற்றியில் பூசினார். (எஞ்சினியரிங் படித்த நான் அதைத் துடைக்கவில்லை.) ஐந்தாவது தடவை, கீழே மில் ஓட்டம் நின்று அறை நிசப்தமாகிவிட்டது. அண்ணாச்சி திரையைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்: "ஏலே சுடலை, எதுவும் சொல்லணுமாடே? சொல்லிட்டுப் போயிரு."

ஆறாவது தடவை பெயர் வந்ததும் அவரே ஒரு முடிவுக்கு வந்தார். "நம்பர் போட்டிருக்குல்லா. அடிச்சுப் பாப்பமா?"

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் அடித்தார்.

எங்கோ ஒரு சேவல் கூவியது. சுடலைமுத்து மாமா தன் போனில் வைத்திருந்த அதே சேவல். முதலில் தெருவில் கேட்டது. பிறகு எங்கள் ஏணிப்படியில் கேட்டது. ஒவ்வொரு படியாக ஏறி வந்து வாசலில் நின்றது. நான் அண்ணாச்சியின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் ஏற்கெனவே என் கையைப் பிடித்திருந்தார்.

"ஹலோ" என்று போனிலும் வாசலிலும் ஒரே நேரத்தில் குரல் கேட்டது.

மாமாவின் மனைவி பார்வதி அத்தை. சேலை நனைந்து, கையில் மாமாவின் போனோடு நின்றார்.

"காலைலேருந்து இது நாலாவது போனு! 'சுடலைமுத்து பாய் ஹை க்யா', அவரு இருக்காரான்னு எவனோ கேக்கான். செத்துட்டாருன்னு சொன்னா, 'நெட்ல ரெடின்னு போட்டிருக்கே'ன்னு என்ட்டயே சண்டைக்கு வாரான். எவ பாத்த வேலைட்டி இது?"

எவ என்பது அவருக்கே தெரிந்திருந்தது. என்னைத்தான் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். தப்பு எங்கே என்று தெரியவில்லை என்று முனகினேன்.

"அது கெடக்கட்டும். இதுக்கு முன்னால அடிச்ச பையன் அழுதான். ஆண்டாப் ஹில்காரன். பொண்டாட்டிக்குப் பிரசவமாம், ரத்தம் பத்தலையாம். அவனுக்கு யாரு போவா?"

நான் அவசரமாகப் பட்டியலில் தேடி ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். ஒருவர் ஊருக்குப் போயிருந்தார், ஒருவருக்குக் காய்ச்சல், இன்னொருவர் எடுக்கவில்லை. அத்தை என் தோளைத் தட்டினார்.

"நீ என்ன குரூப்பு?"

"பி பாசிட்டிவ்" என்றேன். (பொய் சொல்லியிருக்கலாம். தோன்றவில்லை.)

"அப்பம் கெளம்பு."

ஊசியைக் கண்டால் கண்ணை மூடுகிறவள் நான். ஆட்டோவில் போகும்போதே மூடிக்கொண்டேன். ரத்தம் கொடுத்து எழுந்ததும் அத்தை மேலேயே மயங்கி விழுந்தேன். சாயங்காலம் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். யார் அனுப்பியது என்று அந்தப் பையன் கேட்டதற்கு, "எங்க வீட்டுக்காரரு" என்றார் அத்தை.

வீட்டுக்கு வந்தால் என் லேப்டாப் மேல் அம்மா ஒரு போர்வையைப் போட்டு மூடி வைத்திருந்தார். "காலைலேருந்து தானா மொனங்கிட்டே கெடக்கு. பயமா இருந்துச்சுட்டி." போர்வையை விலக்கியதும் புரிந்தது. சோதனைக்காக அண்ணாச்சி முன்பு தந்த, மாமா உயிரோடு இருந்த காலத்துப் பழைய பட்டியலை வைத்து ப்ளகினை லேப்டாப்பில் ஓடவிட்டிருந்தேன். நிறுத்த மறந்திருந்தேன். அது சங்கத்தின் தேடுபொறிக்கே ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மாமாவை அனுப்பிக்கொண்டிருந்தது. நிறுத்தினேன். மாமா போனார். ஏனோ அன்று அந்தத் திரையை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அத்தை வந்தார். "அவரு பேரு அதுலயே இருக்கட்டும்ட்டி. நம்பரை மட்டும் உன் நம்பரா மாத்திரு" என்றார். செய்த பாவத்துக்கு மறுக்க முடியுமா? மாற்றினேன்.

கல்யாணமான முதல் வாரம். செம்பூர் வீட்டில் கணவரோடு உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. எடுத்து, "ஹாங், சுடலைமுத்துதான் பேசுறேன், சொல்லுங்க" என்றேன். கணவர் இட்லியைக் கீழே வைத்தார். இன்றைக்கும் சொந்தக்காரர்கள் யார் வந்தாலும் என்னைக் காட்டி, "பொண்ணு பாக்கும்போது இவ ஒருத்திதான் இருந்தா" என்று அவர் ஆரம்பித்துவிடுகிறார்.