பனி உருகிய சனிக்கிழமை

நனைந்த மண்ணின் வாசனையைப் பாடாத கவிஞன் இல்லை. இன்னும் சூளையில் வேகாத பச்சைச் செங்கல் நனைந்தால் வரும் வாசனையை யாரும் பாடியதில்லை. அது வேறு மாதிரி. களிமண்ணும் உமியும் கலந்து, ஒரு மனிதனின் கோடைக்காலம் முழுவதும் மெல்ல இளகி, வழிந்து, வாய்க்காலைத் தேடிப் போகிற வாசனை. பஸ்ஸில் போகும்போது மழைநாளில் ஏதாவது சூளையைக் கடந்தால் அது என் மூக்கில் ஏறும். உடனே என் இரண்டு கைகளும் இடுப்பு வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் மடியில் பணம் வைத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொள்வார். மடியில் ஒன்றும் இல்லை. நினைவுதான்.

அப்போது சண்டைக்காலம். பெட்ரோல் கிடையாது, பஸ் கரியில் ஓடிற்று. திருமயத்தில் எங்களுக்கு ஒரு வாசக சபை இருந்தது. மாதம் ஒரு புத்தகம், அதுவும் உலக இலக்கியம். (உள்ளூர் இலக்கியத்தைப் படித்தால் எழுதியவர் நேரில் வந்துவிடுவார் என்று தலைவருக்குப் பயம்.) தலைவர் ஓய்வுபெற்ற தாசில்தார். சபையில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவர்கள் சிலர்தான், புத்தகமோ ஒரே பிரதி. அதனால் ஓர் ஏற்பாடு. புத்தகத்தை முன்மொழிகிறவன் அதை வீட்டில் படித்துவிட்டு, சனிக்கிழமை சாயங்காலம் அரிசி மில் முற்றத்தில் எல்லோருக்கும் தமிழில் சொல்ல வேண்டும். அந்த வருஷம் மழை பொய்த்து, கண்மாய் வெடித்து, அரைக்க நெல் இல்லாமல் மில் சும்மா கிடந்தது. கதை சொல்ல அதைவிட அமைதியான இடம் ஊரில் இல்லை.

எனக்கு அப்போது வயது இருபதைத் தாண்டியிருந்தது, தலைமுடி காதைத் தாண்டியிருந்தது. வேலை, பள்ளிக்கூடத்தில் தற்காலிக உபாத்தியாயர். ஆசை, உலகம் முழுவதையும் இந்த ஊர் முற்றத்தில் கொண்டுவந்து கொட்டிவிட வேண்டும் என்பது. அதைவிடப் பெரிய ஆசை ஒன்றும் இருந்தது. அதன் பெயர் கோமதி. தூரத்து உறவில் எனக்கு மாமா முறையாகும் செங்கல் சூளைக்காரரின் மகள். என் ஆத்தா பெண் கேட்டு ஆள் அனுப்பியிருந்தாள். மாமா மறுக்கவும் இல்லை, ஒப்பவும் இல்லை. "பையன் என்னமோ புஸ்தகம் புஸ்தகம்னு அலையிறானாமே. சபையில எப்படிப் பேசுறான்னு பாக்குறேன்" என்று சொல்லிவிட்டு, சபையிலேயே உறுப்பினராகச் சேர்ந்துவிட்டார். அவருக்கு இங்கிலீஷில் ஓர் எழுத்து தெரியாது. ஆனால் கதை கேட்பதில் அவரைப் போல ஒருவரை நான் பார்த்ததில்லை. கண் இமைக்காமல் கேட்பார்.

ஆக, அந்த மாதம் நான் தேர்ந்தெடுக்கப்போவது புத்தகம் இல்லை, பெண்டாட்டி.

திருச்சிக்குப் போய்ப் பழைய புத்தகக் கடையில் ஒரு பகல் முழுக்க மண்டியிட்டேன். இரண்டு புத்தகங்கள் அகப்பட்டன. ஒன்று பாலைவனக் கதை. பட்டாளத்துக்காரர்கள் மணலில் வழி தவறி, தண்ணீர் தண்ணீர் என்று நாக்கு வறண்டு நடக்கிறார்கள், நடக்கிறார்கள், புத்தகம் முடிகிறவரை நடக்கிறார்கள். இன்னொன்று ருஷ்யக் கதை. முதல் ஏடு கிழிந்து போனதால் தலைப்பும் தெரியாது, எழுதியவர் பெயரும் தெரியாது. ஓர் ஓடக்காரன். அவன் மனைவி. நடுவில் உறைந்துபோன ஓர் ஆறு. அவன் அக்கரையில் மாட்டிக்கொள்ள, அவள் இக்கரையில் ஜன்னலோரம் விளக்கேற்றிக் காத்திருக்கிறாள். பக்கத்துக்குப் பக்கம் பனி. வெள்ளை, வெள்ளை, வெள்ளை. திரும்பும் வழியில் கீரனூரில் பஸ் நின்று, டிரைவர் இறங்கிக் கரி அடுப்பைக் கிளறிக்கொண்டிருந்தார். என் சட்டையெல்லாம் கரித்தூள். நான் அங்கே இல்லை. ஓடக்காரன் மனைவிக்குப் பக்கத்தில் பற்கள் கிடுகிடுக்க உட்கார்ந்திருந்தேன்.

தேர்வுக் கூட்டத்தில் எழுந்து நின்றேன். பாலைவனத்தைப் பற்றி ஒரு வாக்கியம், பனியைப் பற்றி அரைமணி நேரம் பேசினேன்.

"அந்தப் பொம்பளை என்ன சாப்பிடுறா?" என்று கேட்டார் தாசில்தார். எந்தப் புத்தகமானாலும் அவருக்கு அதுதான் முதல் கேள்வி.

"முட்டைக்கோஸ் கஞ்சிங்க."

"பாவம்" என்றார். பனிக்கு ஒரு வோட்டு விழுந்தது.

அப்புறம் மாமா தொண்டையைக் கனைத்தார். சபையே திரும்பியது. அவர் அதுவரை கூட்டத்தில் வாய் திறந்ததில்லை.

"தம்பி, கதையில மழை கிழை இருக்கா?"

கேள்வியின் கனம் எல்லோருக்கும் தெரியும். எங்கள் பக்கத்தில் வானம் பொய்த்தால் கோயில் மண்டபத்தில் மழைக்கதை படிப்பது வழக்கம். புராணத்தில் எந்த இடத்தில் மழை கொட்டுகிறதோ அந்த இடத்தை ஊர் கூடி உட்கார்ந்து, உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்பார்கள். படித்தால் பெய்யும். பெய்யாவிட்டால் படித்தவர் சரியில்லை. ஊர் முழுக்க மழைக்கு ஏங்கிக்கொண்டிருந்தபோது, ஒருவர் மட்டும் அது வேண்டாம் என்று வேண்டிக்கொண்டிருந்தார். மாமாவின் சூளைக்களத்தில் பச்சைக்கல் வரிசை வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தது. இரண்டு வாரம் காய்ந்தபின் அடுக்கித் தீ வைக்க வேண்டும். அதுவரை ஒரு சொட்டு விழக்கூடாது.

"மழையே கிடையாது மாமா. வெறும் பனிதான்."

"பனின்னா, நம்ம மார்கழிப் பனி மாதிரியா?"

"அதேதான். கொஞ்சம் கெட்டி."

மாமாவின் முகம் மலர்ந்தது. அவர் கையும் உயர்ந்தது. ருஷ்யா ஜெயித்தது. (நான் புத்தகத்தில் பாதிதான் படித்திருந்தேன் என்பதையும், புதுக்கோட்டைச் சீமையை விட்டுத் திருச்சிக்கு அப்பால் போகாத எனக்குப் பனிக்கட்டி உருகும் என்பது ஞாபகமே இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.)

முதல் சனிக்கிழமை ஜாம் ஜாம் என்று நடந்தது. நான் பனியைப் பெய்வித்தேன். கூரைகள் வெளுத்தன, மரங்கள் வெளுத்தன, குதிரையின் மூச்சு வெளுத்தது. ஆவணி மாதத்து வெக்கையில் தாசில்தார் துண்டை எடுத்துப் போர்த்திக்கொண்டார். மாமா கண் இமைக்கவில்லை. போகும்போது என் தோளைத் தட்டி, "அடுத்த சனிக்கிழமை முடிச்சிட்டு வீட்டுக்கு வாங்க, ஒரு வாய் காப்பி குடிப்போம்" என்றார். "தம்பி" போய் "வாங்க" வந்துவிட்டது. அன்று நான் வீட்டுக்கு நடந்து போகவில்லை. மிதந்து போனேன்.

ஆனால் கதைக்குக் கால் உண்டு. அது கண்மாய்க்கரைப் பக்கம் போய்விட்டது.

அடுத்த சனிக்கிழமை மில் முற்றத்துக்குப் போனேன். உள்ளே கால் வைக்க இடமில்லை. பக்கத்துக் கிராமத்துத் தலைவர் அம்பலக்காரர் தன் ஊர்க்காரர்களோடு வந்து முன்வரிசையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். மண்டபத்தில் மழைக்கதை படிக்கிற பூசாரி, படித்துப் படித்துத் தொண்டை கட்டி, கட்டுமாவடியில் மகள் வீட்டுக்கு மீன் குழம்பு சாப்பிடப் போய்விட்டாராம். மேகம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"தம்பி, ஒங்க கதையில ஒரு ஆறு நெறைய தண்ணி கட்டியா நிக்கிதாமே" என்றார் அம்பலக்காரர்.

"ஆமாங்க."

"ஒருத்தருக்கும் ஒதவாம?"

"ஆமாங்க."

"அத கொஞ்சம் உருக வைங்க."

நான் புத்தகத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். ஏனென்றால் அன்று மத்தியானம்தான் மீதிப் புத்தகத்தைப் படித்து முடித்திருந்தேன். உருகுகிறது. பாவி மனுஷன், எழுதியவன், கடைசியில் எல்லாவற்றையும் உருக்கிவிடுகிறான். இளவேனில் வருகிறது, ஆறு பிளக்கிறது, மழை பிடித்துக்கொள்கிறது, வெள்ளம் கரையை மீறுகிறது. அந்த வெள்ளத்தில்தான் ஓடக்காரன் ஓடம் விட்டு வீடு வந்து சேர்கிறான்.

மாமா பின்னாலிருந்து எழுந்து வந்து என் காதருகே குனிந்தார். "உருக விடாதீங்க. நாளைக்குக் கல்லை அடுக்கிருவோம். நாளன்னைக்கு உருகட்டும்."

"இங்கிட்டு உருகுனா அங்கிட்டு ஒங்களுக்கு என்னங்க?" என்றார் அம்பலக்காரர்.

"எனக்கு என்னவா? வந்து களத்தைப் பாருய்யா."

"நீங்க வந்து என் வயலைப் பாருங்க."

சபாநாகரிகம் கருதித் தாசில்தார் மணியடித்தார். நான் ஒரு முடிவுக்கு வந்தேன். வெள்ளத்தைத் தாண்டிவிடுவது. "ஓடக்காரன் வந்து சேர்ந்தான்" என்று ஒரே வாக்கியத்தில் கதையை முடித்துவிட்டு, மாமா வீட்டுக் காப்பிக்குப் போய்விடுவது. மழைக்கு வேறு யாராவது பொறுப்பேற்கட்டும்.

அப்படித்தான் ஆரம்பித்தேன், சத்தியமாக. ஆனால் அவள் ஜன்னலைத் திறந்தாள். கூரையின் விளிம்பில் ஒரே ஒரு துளி தொங்கியது. அதை மட்டும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். ஒரு துளிதானே. துளி விழுந்தது. முன்வரிசையில் யாரோ "ம்" என்றார்கள். அந்த "ம்" என்னைக் கெடுத்தது. இன்னொரு துளி. இன்னொன்று. ஆற்றின் அடிவயிற்றில் ஓர் உறுமல். நடு ஆற்றில் ஒரு கீறல் ஓடி, கிளை விட்டு, பாளம் பாளமாகப் பிளந்து, பாளத்தின் மேல் பாளம் ஏறி, யானைக் கூட்டம் போல முட்டிக்கொண்டு, ஐயோ, நான் பெஞ்சின் மேல் ஏறி நின்றுவிட்டேன். வானத்தைக் கிழித்தேன். எழுதியவன் ஒரு பங்கு மழை பெய்தால் நான் பத்துப் பங்கு பெய்தேன். அவன் ஆற்றில் இல்லாத சுழல்களை நான் சுழற்றினேன். அம்பலக்காரர் எழுந்து நின்றார், ஊரே எழுந்து நின்றது. மாமா மட்டும் "போதும், போதும்" என்று இரண்டு கையாலும் சைகை காட்டிக்கொண்டிருந்தார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

ஓடம் கரை தட்டியது. அவள் விளக்கோடு ஓடி வந்தாள். நான் கையை உயர்த்தினேன்.

இடித்தது.

ருஷ்யாவில் இல்லை, திருமயம் கோட்டைக்கு மேலே.

அதன் பிறகு சபை கலைந்தது. எல்லோரும் ஓடினார்கள். ஊர்க்காரர்கள் கண்மாய்ப் பக்கம், மாமா சூளைப் பக்கம். நான் புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு மாமாவுக்குப் பின்னால் ஓடினேன். களத்தை அடைவதற்குள் மழை கனத்துவிட்டது. என் வர்ணனையைவிட நன்றாகவே பெய்தது. மாமாவும் வேலையாட்களும் கீற்றை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கீற்று போதவில்லை. கடைசி வரிசைக் கற்கள் முனை மழுங்கி, தோள் சரிந்து, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துகொண்டிருந்தன. என் கல்யாணம் என் கண்முன்னால் கரைகிறது. என்ன செய்வேன்? இடுப்பு வேட்டியை அவிழ்த்தேன். கல்வரிசையின் மேல் விரித்தேன். நான்கு மூலைக்கும் கல் வைத்தேன். மூலைக்கு வைத்த கல்லும் கரைந்தது.

அப்போது ஒரு மின்னல்.

களத்து வாசலில், தலைக்குமேல் ஒரு முறத்தைக் கவிழ்த்துப் பிடித்தபடி, அரிக்கேன் விளக்கோடு கோமதி நின்றாள். அவள் என்னை முதன்முதலாகப் பார்த்தது அப்போதுதான். முழங்காலுக்கு மேல் நிற்கும் கோடு போட்ட அரை டிராயர், முகமெல்லாம் சேறு, அக்குளில் உலக இலக்கியம். (பெண் பார்க்கப் போனவர்கள் எத்தனையோ பேர் உண்டு. இப்படிப் பார்க்கப்பட்டவன் நான் ஒருவன்தான்.)

மழை நின்றது. கீற்றுக்கு அடியில் இருந்த கற்கள் பிழைத்தன. மற்றவை சேறு. மாமா அந்தச் சேற்றின் நடுவே உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் இமைக்கவில்லை. எங்கள் இருவருக்கும் நடுவில் கிடந்த அந்தச் சேற்று ஆற்றைக் கடக்க எனக்கு ஓடம் இல்லை.

அந்த நேரத்தில் அம்பலக்காரர் சொட்டச் சொட்ட வந்து சேர்ந்தார். பின்னால் அவர் ஊர் ஆட்கள்.

"ஓய், வாய்க்கால் ஓடுதுய்யா" என்றார். பிறகு களத்தைப் பார்த்தார். குனிந்து, கரைந்த கல் ஒன்றைத் தொட்டுப் பார்த்தார். "கல்லு போனா போகட்டும். நடவு முடிஞ்சதும் எங்காளுக வந்து புதுக்கல்லு அறுத்துத் தாரோம். ஆனா ஒண்ணு. இந்தப் பிள்ளைய வெளியூர்க்காரன் கொத்திட்டுப் போறதுக்குள்ள மருமகனா புடிச்சுப் போட்டுருங்க."

"இவனையா?"

"ஒங்களுக்கு வேணாம்னா சொல்லுங்க. எனக்கும் ஒரு மக இருக்கு."

மாமா அவரைப் பார்த்தார், என் டிராயரைப் பார்த்தார், சேற்றைப் பார்த்தார். "அந்த மணல் புஸ்தகம் இன்னும் இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு மாமா."

"அடுத்த மாசம் அதைத்தான் படிக்கணும். என் களத்துல வந்து படிக்கணும்."

படித்தேன். அந்த மாதம் மட்டுமல்ல, ஒவ்வொரு வருஷமும் கல் காயப்போட்டதும் மருமகனுக்கு ஆள் வந்துவிடும். கல்வரிசைகளுக்கு நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்து, பட்டாளத்துக்காரர்களை மணலில் நடக்கவைத்தேன். சபையில் ஒரு புத்தகம் இத்தனை தரம் வாசிக்கப்பட்டதில்லை. இன்றைக்கும் கோமதி மாடியில் வற்றல் பிழியப் போகும்போது, "அந்த மணலை எடுத்துட்டு வந்து உக்காருங்க" என்பாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். ருஷ்யப் புத்தகத்தை அவள் அரிசிப்பானைக்குள் ஒளித்து வைத்திருக்கிறாள். கண்மாய் வற்றினால் மட்டும் வெளியே வரும்.

ஆனால் இதெல்லாம் பிறகு. அன்று ராத்திரி மாமாவின் துண்டு ஒன்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு, அவர் வீட்டு வாசலில் விடைபெற நின்றேன். காப்பியைப் பற்றி யாரும் பேசவில்லை. என் வேட்டி, மண் நிறத்தில், உள்ளே எங்கோ போயிருந்தது. மாமா தலையை அசைத்தார். "வாரேன் மாமா" என்று திரும்பி நடக்கப் போனேன். கதவுக்குப் பின்னாலிருந்து, அப்பாவிடம் சொல்வதுபோல, ஒரு குரல் வந்தது.

"வேட்டியத் தொவச்சுப் போட்டிருக்கேன்னு சொல்லுங்கப்பா. அது காயுற வரைக்கும் எதையும் படிக்க வேணாம்னும் சொல்லுங்க."