ஒரே நம்பர், இரண்டு பச்சை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம், ஒரு சுவரைத் தவிர. போனில் பேசினால் என் மகள் குறுக்கே வந்து உங்களைக் காப்பாற்றிவிடுவாள். அதனால் இதை வேன் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

பள்ளிக்கூடத் தாழ்வாரம் பாதி இளம்பச்சை, பாதி பாசிப்பச்சை. அவர்கள் கேட்டது பாசிப்பச்சை. இன்று வெள்ளி, திங்களன்று திறப்பு. உட்கார முடியவில்லை. நான்கு முறை போய்ப் பார்த்துவிட்டேன், சுவர் மனம் மாறவில்லை. பெயிண்டர் மேஸ்திரியைத் திட்டினால், "ரெண்டும் உங்க கடை டப்பா முதலாளி, ரெண்டுலயும் ஒரே நம்பர். என் பிரஷ்ஷா கலரை மாத்துச்சு?" என்கிறான். பாதி டப்பா பெரிய கடையில் கலந்தது, பாதி கிளையில். இரண்டு கலவை மெஷினிலும் நீங்கள் எழுதிய சாஃப்ட்வேர், இரண்டும் 4.2 என்றே காட்டுகின்றன. மெஷினில் நிற்கும் பையன் சொட்டு (ஒரு துளி கூடினாலும் குதிப்பான், அதனால் அந்தப் பெயர்) உங்களுக்குப் போன் போட்டபோது ஸ்பீக்கரில் நானும் கேட்டேன். மெயின் புரோகிராமுக்குள் கலர் ஃபார்முலா தனிப்பெட்டியாம், அதன் பெயர் சப்மாட்யூலாம். போன திங்களன்று வெளியே 4.2 என்று டேக் ஒட்டினீர்கள். மறுநாள் செவ்வாயன்று, உள்ளே இளம்பச்சை தரும் பழைய ஃபார்முலா இருப்பதைப் பார்த்துப் புதியதை வைத்துவிட்டு, அதே டேக்கைப் பிடுங்கி இதன்மேல் ஒட்டினீர்கள். அதற்குள் பெரிய கடை பழையதை இறக்கிக்கொண்டது, கிளைக்குப் புதியது போயிற்று. உள்பெட்டிக்கோ டேக்கே கிடையாதாம்!

மாப்பிள்ளை, நான் சைக்கிளில் டப்பா கட்டி விற்றவன். முதலில் உள்டப்பாவுக்கு நம்பர், அதை அடுக்கிய பிறகு வெளிப்பெட்டிக்கு நம்பர். ஒட்டியதைப் பிடுங்கக் கூடாது. தப்பு நடந்தால் அடுத்த நம்பர். 4.3 என்று போட்டிருக்கலாமே, நம்பருக்கு என்ன பஞ்சமா?

மெஷினிலிருந்த பழைய ஃபார்முலாவைச் சொட்டுவிடம் சொல்லி அழித்தாயிற்று. நீங்களும் அங்கே தடமில்லாமல் அழித்துவிடுங்கள். தாழ்வாரம் முழுக்கப் பாசிப்பச்சை அடிக்கச் சொல்லிவிட்டேன்.

மகளுக்கு என் முழு ஆசி. உங்களுக்குப் பாதி, மீதி 4.3 வந்த பிறகு.

இப்படிக்கு,
மாமனார்

பி.கு.: கவரை ஒட்டும்போது தலைமையாசிரியை வந்தார். "அந்த இளம்பச்சை கண்ணுக்குக் குளுகுளுன்னு இருக்கு சார். பள்ளிக்கூடம் முழுக்க அதையே அடிச்சிடுங்க" என்றார். சொட்டு என்னைப் பார்க்கிறான், நான் கூரையைப் பார்க்கிறேன். எதையும் அழிக்காதீர்கள்! திங்கட்கிழமைத் தப்பைத் தோண்டியெடுத்து, உள்ளேயும் வெளியேயும் தனி டேக் ஒட்டி, டிரைவர் திரும்புவதற்குள் அனுப்புங்கள். இன்னொன்று: செவ்வாயன்று போனில், "நம்பரை மாத்தாதீங்க மாப்பிள்ளை, கிளையில இருக்கிறவங்க குழம்பிடுவாங்க" என்று சொன்னது நான்தான். அது என் மகளுக்குத் தெரிய வேண்டாம்.