மைரன் தேடிய பை மனிதன்

பையில் போட்ட ஓட்டைகளில் ஒன்று கண்ணுக்கு நேராக வரவில்லை. கன்னத்துக்கு நேராக வந்தது.

மைரன் ஹ்ரிஷ்கோ பையைத் தலையிலிருந்து கழற்றி, ஓட்டையைக் கத்தரிக்கோலால் மேல்பக்கம் பெரிதாக்கினான். இப்போது அது நெற்றிவரை போய்விட்டது. வீட்டில் மிச்சமிருந்த காகித மளிகைப் பை அது ஒன்றுதான். ஹாக்கி அரங்கத்தின் ஐஸ் வண்டி நிறுத்தும் கொட்டகையில், பழைய டயர் மேல் உட்கார்ந்துகொண்டு ஐம்பத்தாறு வயது ஆள் செய்கிற வேலையில்லை இது.

"ஒரு கண்ணு மட்டும் அதிர்ச்சியில இருக்கற மாதிரி இருக்குடா," என்றான் ஆர்னி. பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவன். மைரனுக்கு இருக்கிற ஒரே கூட்டாளி.

"ரெண்டு கண்ணுமே அப்படித்தான் இருக்கு. காலையில நீ அந்தப் பேப்பரைக் காட்டினதுலேர்ந்து."

பேப்பரில் வந்தது இதுதான். ஊரின் கார்மோடி பேட்ஜர்ஸ் ஐஸ் ஹாக்கி அணி தொடர்ந்து பதினான்கு ஆட்டங்கள் தோற்றிருந்தது. கோச் ஸ்டோபர்ட், கோல் காக்கிற கோலியை மாற்றச் சொன்னால் தன் கழுத்து டையை மாற்றிக்கொண்டு வருவார். மேனேஜர் ஃபென்விக், அணியில் கோல் போடத் தெரிந்த ஒரே ஆட்டக்காரனை வேறு ஊருக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு ஒரு பழைய பேருந்தை வாங்கியிருந்தார். அந்தப் பேருந்தும் ரிஜைனா நகரத்துக்குப் போகும் சாலையில் நடுப்பனியில் நின்றுபோனது. இரண்டு பேருக்கும் சீட்டுக் கிழிந்துவிட்டது என்று ஊரே நம்பியிருந்தது. அதற்காகத்தான் அணியின் இயக்குநர்கள் கூடினார்கள் என்றும் நம்பியது.

கூடி, இருவருக்கும் மூன்று வருடம் பதவி நீட்டிப்புக் கொடுத்துவிட்டார்கள். 'முழு நம்பிக்கை' இருக்கிறதாம்.

டோனட் கடையில் அதைப் படித்தபோது மைரனின் வாயில் இருந்த துண்டு அப்படியே நின்றது. மெல்ல மறந்துவிட்டான். ஆர்னி முதுகில் தட்டியபிறகுதான் மூச்சு வந்தது.

ஊரில் மற்றவர்கள் கத்தலாம். மைரன் கத்த முடியாது. இருபத்து மூன்று வருடமாக அரங்கத்தில் ஐஸ் வண்டி ஓட்டுகிறவன் அவன். ஆட்டத்துக்கு நடுவே வரும் இரண்டு இடைவேளையிலும் அந்த வண்டியால் ஐஸ் தளத்தைச் சுரண்டி, வெந்நீர் விட்டு, கண்ணாடி மாதிரி உறையவைப்பது அவன் வேலை. அரங்கமும் ஃபென்விக்கின் கையில்தான் இருந்தது. வாயைத் திறந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்புவார். அதனால்தான் பை.

அன்று மாலை ஆட்டத்தில், மேல் வரிசையின் கடைசி இருக்கையில் பைத்தலையோடு போய் உட்கார்ந்தான். பையின் முன்பக்கம் 'ரெண்டு பேரும் கிளம்புங்க' என்று கறுப்பு மையில் எழுதியிருந்தது. இடைவேளையில் இறங்கிப்போய் வண்டியை ஓட்டிவிட்டு, திரும்ப மாட்டிக்கொண்டு வந்தான்.

பேட்ஜர்ஸ் ஏழுக்கு ஒன்று என்று தோற்றது. வழக்கமாக இரண்டாவது இடைவேளையிலேயே ஜனம் எழுந்து காரைச் சூடாக்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிடும். அன்று போகவில்லை. காட்டுவதற்கு வேறொன்றும் இல்லாத கேமராக்காரன் பைத்தலையைப் பெரிய திரையில் காட்டினான். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. அந்தப் பருவத்தில் அந்தக் கட்டடம் கேட்ட முதல் கைதட்டல்.

மறுநாள் செய்தித்தாளின் முதல் பக்கத்தில் படம். 'யார் இந்தப் பை மனிதன்?'

மதியம் ஃபென்விக் கூப்பிட்டனுப்பினார்.

"உக்காரு மைரன். இதைப் பாத்தியா?"

"பாத்தேன் சார்."

"யாரா இருக்கும்?"

"மூஞ்சி தெரியலையே சார்."

ஃபென்விக் அவனையே பார்த்தார். மைரனுக்குச் சட்டைக்குள் வேர்த்தது. வெளியே மைனஸ் இருபத்தெட்டு.

"இந்தக் கட்டடத்துல மூலை முடுக்கெல்லாம் தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தான். அந்த ஆளைக் கண்டுபிடிக்கறது உன் பொறுப்பு. திங்கக்கிழமைக்குத் திங்கக்கிழமை வந்து எனக்குச் சொல்லணும்."

"நானா சார்?"

"நீதான். கண்டுபிடிச்ச அன்னிக்கே அவன் இந்த அரங்கத்துக்கு வெளியே. அப்புறம் ஆயுசுக்கும் உள்ளே கால் வைக்கக் கூடாது."

வெளியே டிக்கெட் கவுன்டரில் வெர்னா இருந்தாள். டிக்கெட் விற்பதும் ஃபென்விக்கின் கடிதங்களை டைப் அடிப்பதும் அவள்தான். "என்னப்பா, பேயறைஞ்ச மாதிரி வரே?" என்றாள்.

"நல்லா இருக்கேன், நீ?" என்று சொல்லிவிட்டு மைரன் தவறான கதவு வழியாக வெளியேறி, துடைப்பம் வைக்கிற அறைக்குள் போய் நின்றான்.

யோசனை ஆர்னியுடையது. "ஒரே ஒரு பை இருந்தாத்தான்டா மாட்டுவே. ரெண்டு இருந்தா எது நீன்னு எவனுக்குத் தெரியும்? நானும் தலையில ஒண்ணு மாட்டிக்கறேன்."

மாட்டிக்கொண்டான். மாட்டிக்கொண்டதைப் பேருந்து டிப்போவில் சொல்லாமல் இருக்கமுடியவில்லை. மைரன் பெயரைச் சொல்லவில்லை, அதுவரைக்கும் நல்லவன். அடுத்த ஆட்டத்தில் ஒன்பது பை. அதற்கடுத்த ஆட்டத்தில் அறுபது. பல் மருத்துவர் மாட்டியிருந்தார். பாதிரியார்கூட மாட்டியிருந்தார், வெள்ளைக் கழுத்துப்பட்டை தெரிந்தது.

திங்கட்கிழமை.

"எதாவது தெரிஞ்சுதா?"

"இப்ப அறுபது பேரு ஆயிட்டாங்க சார். அதுல மொத ஆளு எவன்னு..."

"தேடு, தேடு. அவசரமில்ல."

அவசரமில்லை என்றது மைரனை இன்னும் பயமுறுத்தியது. பை என்ற ஒன்றே இல்லாமல் போனால் தேடுவதும் நின்றுவிடும் என்று தோன்றியது.

"வாசல்லயே பையை வாங்கி வெச்சுக்கலாமா சார்? உள்ளே விடவேணாம்."

ஃபென்விக்கின் முகம் மலர்ந்தது. "நல்ல யோசனை. தடை போட்டுடலாம். இன்னிக்கே ரேடியோவுல சொல்லிடறேன்."

தடை என்ற வார்த்தையைக் கேட்டதும் அதுவரை ஹாக்கியையே மறந்திருந்தவர்கள்கூடக் கிளம்பிவிட்டார்கள். "என் தலையில நான் எதைப் போடணும்னு சொல்ல இவன் யாரு?" என்று ரேடியோவில் ஒரு கிழவர் அழுதார். சனிக்கிழமை ஆட்டத்துக்கு எழுநூறு பேர் குளிர்கோட்டுக்குள் பையை மடித்து வைத்துக்கொண்டு வந்தார்கள். தேசியகீதம் முடிந்ததும் ஒரே நேரத்தில் மாட்டினார்கள். அந்தச் சரசரப்பில் எதிரணி கோலி திடுக்கிட்டு விழுந்தான். அப்படியும் பேட்ஜர்ஸால் கோல் போட முடியவில்லை.

"உன் யோசனைதானாமே?" என்றான் ஆர்னி.

"வாயை மூடு."

ஜனவரியில் பக்கத்து ஊர்களிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். தடையை எடுத்துவிட்ட ஃபென்விக், கவுன்டரிலேயே பை விற்கத் தொடங்கினார். பேட்ஜர்ஸ் சின்னம் அச்சடித்த பை. ஓட்டைகள் சரியான இடத்தில் இருந்தன. பாதிகூட நிரம்பாமல் கிடந்த அரங்கத்தில் இப்போது டிக்கெட் இல்லை. மேல் வரிசைக் கடைசி இருக்கையில் எவனோ உட்கார்ந்திருந்தான். "எழுந்திருப்பா, அது என் இடம்," என்றதற்கு, "இது பை மனுஷன் உக்காந்த இடம்யா, நீ யாரு?" என்று திருப்பிக் கேட்டான்.

அணி மட்டும் தோற்றுக்கொண்டே இருந்தது. ஒன்பதுக்கு ஒன்று. எட்டுக்குப் பூஜ்யம். தோற்கத் தோற்கக் கூட்டம் கூடியது.

பிப்ரவரி முதல் வாரம் இயக்குநர்கள் மறுபடி கூடினார்கள். மைரன் இந்த முறை டோனட் வாங்கவில்லை, எச்சரிக்கையாக வெறும் காப்பிதான். ஆர்னி பேப்பரை மெதுவாகத் தள்ளினான்.

இருவருக்கும் இன்னும் ஐந்து வருடம். 'வரலாறு காணாத கூட்டத்தைச் சேர்த்ததற்காக.'

காப்பி மூக்கு வழியாக வந்தது.

"அஞ்சு வருஷமா?" மைரன் மூன்று முறை கேட்டான். மூன்று முறையும் ஆர்னி தலையாட்டினான்.

"நாமதான்டா அவங்களை வெச்சிருக்கோம்," என்றான் மைரன் கடைசியில். "நாம கத்தறதைப் பாக்கத்தான் ஜனம் வருது. கூட்டம் வர்றவரைக்கும் அவங்க போகமாட்டாங்க."

"அப்ப நிறுத்திடு."

நிறுத்தப் பார்த்தான். அடுத்த ஆட்டத்துக்கு வெறும் தலையோடு போய் நடுவரிசையில் உட்கார்ந்தான். பக்கத்துப் பை, "மேனேஜர் கைக்கூலி!" என்றது. பின்னாலிருந்து பாப்கார்ன் வந்தது. செய்தித்தாளுக்குப் பெயர் போடாமல் ஒரு கடிதம் எழுதினான்: 'நான்தான் பை மனிதன். போதும், எல்லாரும் வீட்டிலேயே இருங்கள்.' செய்தித்தாள் அதை 'நிர்வாகத்தின் சூழ்ச்சி?' என்ற தலைப்பில் போட்டது. சனிக்கிழமை, நிற்கவும் இடமில்லை.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் மைரன் முதல் பையை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மனைவி ஐரீன் பெரோகிக் கொழுக்கட்டைக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"உண்மையைச் சொல்லிடப் போறேன்," என்றான் திடீரென்று. "மொத பை மனுஷன் நான்தான்னு. அரங்கத்துல சம்பளம் வாங்கற ஆளே பையை மாட்டிக்கிட்டான்னு தெரிஞ்சா, எல்லாம் மேனேஜர் போட்ட நாடகம்னு ஜனம் நினைச்சுக்கும். ஒருத்தன் வரமாட்டான். கூட்டம் போச்சுன்னா அவங்களும் போயிடுவாங்க."

"வேலை?"

"போயிடும்."

"இருபத்து மூணு வருஷம்."

"தெரியும்."

ஐரீன் மாவைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "ஹாக்கிக்காக?"

"ஹாக்கிக்காக."

"பைத்தியம்," என்றாள். பிறகு, "குளிருது. அந்தக் கனமான கோட்டைப் போட்டுக்கிட்டுப் போ," என்றாள்.

திங்கட்கிழமை மதியம் முதல் பையைக் கையில் பிடித்துக்கொண்டு மைரன் ஃபென்விக்கின் அறைவாசலுக்குப் போனான். கதவு பூட்டியிருந்தது.

"டைரக்டருங்களோட சாப்பிடப் போயிருக்காரு," என்றாள் வெர்னா. கவுன்டரில் சனிக்கிழமைக்கான பைகளைக் கட்டுக்கட்டாக அடுக்கிக்கொண்டிருந்தாள். "வாராந்திர ரிப்போர்ட்டா? என்கிட்ட சொல்லு, குறிச்சு வைக்கறேன்."

மைரன் பையைக் கவுன்டர் மேல் வைத்தான். இருபத்து மூன்று வருடத்தையும் சேர்த்து வைத்த மாதிரி இருந்தது.

"குறிச்சுக்கோ. பை மனுஷன் நான்தான்."

வெர்னா தலையை நிமிர்த்தவில்லை. அடுத்த கட்டை எடுத்தாள்.

"வெர்னா, காதுல விழுந்துதா?"

"விழுந்துது. அதான் மொத நாளே தெரியுமே." கட்டைத் தட்டி நேராக்கினாள். "பை மனுஷன் எழுந்து போவான், ஐஸ் வண்டி வரும். ஐஸ் வண்டி உள்ளே போகும், பை மனுஷன் வருவான். இதுக்கு என்ன பெரிய மூளை வேணும்?"

மைரன் ஃபென்விக்கின் பூட்டிய கதவைத் திரும்பிப் பார்த்தான்.

"மேனேஜருக்கு?"

"அவருதான் எனக்குக் காட்டினாரு. 'அந்த ஆளைப் பாரு வெர்னா, அவனைப் பாக்கறதுக்காகவே கடைசிவரைக்கும் ஒருத்தரும் எழுந்து போகல'ன்னு சொல்லிச் சிரிச்சாரு."

"தெரிஞ்சுமா?" மைரனின் குரல் கிறீச்சிட்டது. "தெரிஞ்சும் எதுக்கு என்னையே கண்டுபிடிக்கச் சொன்னாரு?"

வெர்னா முதல்முறையாக வேலையை நிறுத்தி அவனைப் பார்த்தாள். பரிதாபமாகத்தான் பார்த்தாள்.

"வேற யாருகிட்ட குடுத்திருந்தாலும் ஒரே வாரத்துல கண்டுபிடிச்சிருப்பாங்களே, மைரன்."