குறி தவறும் துப்பாக்கியும் குறை தீர்த்த மலையணிலும்

ஒரு காட்டில், சிக்னல் நன்றாகக் கிடைக்கும் மருத மரம் ஒன்று இருந்தது. அதன் உச்சிப் பொந்தில் செவ்வந்தி என்ற மலையணில் உட்கார்ந்து, ஒரு கம்பெனியின் வாடிக்கையாளர் சேவை மையத்தில் வேலை பார்த்துவந்தது. காட்டுக்குள் கால் சென்டர் எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். அணில் பேசும் என்றால் தலையாட்டுகிறீர்கள், போனில் பேசும் என்றால் மட்டும் சந்தேகமா?

அந்தக் கம்பெனி துப்பாக்கிக்கு ஸ்கோப் செய்து விற்றது. ஸ்கோப் என்பது துப்பாக்கியின் முதுகில் மாட்டும் குட்டித் தொலைநோக்கி. கண்ணை வைத்துப் பார்த்தால் உள்ளே ஒரு கூட்டல் குறி தெரியும். கூட்டல் குறி எங்கே நிற்கிறதோ அங்கேயே குண்டும் போய் விழ வேண்டும். ஸ்கோப்பில் உள்ள குமிழைத் திருகி அப்படி விழவைப்பதற்கு ஜீரோ செய்வது என்று பெயர். இப்படிப்பட்ட பொருளுக்கு ஓர் அணில் ஏன் உழைத்தது என்றால், பொந்து கம்பெனி கொடுத்தது. மழை ஒழுகாத பொந்து. அந்த மாதம் ஏற்கெனவே இரண்டு வாடிக்கையாளர்கள் செவ்வந்திக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டிருந்தார்கள். மூன்றாவதும் வந்தால் பொந்தைக் காலி செய்துவிட வேண்டும் என்று மேற்பார்வையாளர் வேதமுத்து சொல்லியிருந்தது. வேதமுத்து ஒரு நரி. மரத்தடியில் உட்கார்ந்து எல்லா அழைப்புகளையும் ஒட்டுக்கேட்பது அதன் உத்தியோகம்.

ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு அழைப்பு வந்தது.

"வணக்கம், நான் செவ்வந்தி பேசுகிறேன். உங்களுக்கு எந்த வகையில் உதவலாம்?"

"ஏனுங் அம்மணி, நான் சென்னியப்பன் பேசறனுங்க. உங்க ஸ்கோப்பு வாங்கி நாலு நாளாச்சுங்க. குண்டு ஒரு சாண் எடது பக்கமே போகுதுங்க. குமிழைத் திருகுனா வலது பக்கம் ஒரு சாண் போகுது. மறுக்காத் திருகுனா கீழ போகுது. நேரா மட்டும் போக மாட்டேங்குதுங்க."

"உங்கள் சிரமத்துக்கு மிகவும் வருந்துகிறோம் சார்."

"நீங்க எதுக்குங் அம்மணி வருத்தப்படறீங்க. நீங்க நல்லாத்தான் பேசறீங்க. இந்தக் குண்டுதான் சொன்ன பேச்சுக் கேக்க மாட்டேங்குது."

செவ்வந்திக்கு உச்சி குளிர்ந்தது. நாலு நாள் குறி தப்பியும் ஒரு கெட்ட வார்த்தை பேசாத மனிதர். ஐந்து நட்சத்திரம் கொடுக்கும் குரல் இது என்று அதற்குத் தோன்றியது. உற்சாகமாக விசாரணையைத் தொடங்கியது.

"சார், துப்பாக்கியைக் கையில் பிடித்துச் சுடுகிறீர்களா, எதன் மேலாவது வைத்துச் சுடுகிறீர்களா?"

"மணல் மூட்டை மேல வெச்சுத்தானுங்க."

"குண்டெல்லாம் ஒரே ரகமா?"

"ஒரே டப்பாவுங்க."

"நல்லது. ஒரு தாளை எங்காவது ஒட்டி, நடுவில் புள்ளி வையுங்கள். குமிழைத் தொடாமல் மூன்று முறை சுடுங்கள். நான் லைனிலேயே இருக்கிறேன்."

சென்னியப்பன் காலண்டர் தாள் ஒன்றைப் பாறையில் ஒட்டிவிட்டு வந்து சுட்டார். ஒவ்வொரு வெடியும் செவ்வந்திக்குப் போனில் ஒரு தடவை, பொந்து வாசலில் ஒரு தடவை என்று கேட்டது. லைனில் எதிரொலி இருப்பதாக அது குறிப்பேட்டில் எழுதிக்கொண்டது.

"மூணும் மூணு பக்கம் போயிருச்சுங்க," என்றார் அவர்.

உடனே செவ்வந்திக்கு விஷயம் விளங்கிவிட்டது. குமிழைத் தொடாமலே குண்டு இஷ்டத்துக்குப் போகிறது என்றால் தப்பு குமிழில் இல்லை. ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிடித்திருக்கும் வளையத்தின் திருகாணிகள் இளகியிருக்கின்றன. கால் ஆடும் கட்டிலில் படுத்துக்கொண்டு மனிதர் நாலு நாளாகத் தலையணையை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருக்கிறார். அதைச் சொல்லத்தான் அது வாயைத் திறந்தது. அவர் முந்திக்கொண்டார்.

"சட்டுனு சரி பண்ணிக் குடுங் அம்மணி. நாளானிக்கு ஊட்டுக்கு ஒறம்பரை வருது, சொந்தக்காரங்க எல்லாமுங்க. என்ற மச்சானுக்கு அணில் கறின்னா உசுரு. இங்க எதுத்தாப்புல மருத மரத்து உச்சில ஒரு மலையணில் இருக்குதுங்க. முதுகு செவச்செவன்னு, வாலு கருகருன்னு, நல்ல கொழுகொழுன்னு. நாலு நாளா அதைத்தான் சுடறேன். மேல படவே மாட்டேங்குதுங்க."

செவ்வந்தி மெல்லத் திரும்பித் தன் வாலைப் பார்த்தது. கருகரு என்றுதான் இருந்தது. பொந்தைச் சுற்றி மரப்பட்டையில் புதிதாக விழுந்திருந்த ஓட்டைகளுக்காக நாலு நாளாக மரங்கொத்தியைத் திட்டிக்கொண்டிருந்தோமே என்று அப்போதுதான் உறைத்தது.

"ஒரு நிமிடம் சார்," என்று அவருக்குக் கேட்காதபடி மைக்கை அணைத்துவிட்டுக் கீழே எட்டிப் பார்த்தது. "வேதமுத்து சார்! அந்தாளு சுடப்போறது என்னைத்தான் சார்!"

"கேட்டுட்டுத்தான் இருக்கேன். கால் ரொம்ப நல்லா போகுது, செவ்வந்தி."

"தப்பா ஒரு வழி சொல்லிடட்டுமா சார்?"

"எல்லாம் ரெக்கார்டு ஆகுதும்மா. தெரிஞ்சே தப்பு சொன்னா வேலை போயிடும்."

"சரியா சொன்னா உசுரு போயிடும் சார்!"

"அதுக்குத் தனி ஃபாரம் இருக்கு. குடும்பத்துல யாராவது வந்து நிரப்பிக் குடுத்தா போதும்."

"அந்த அணில் நான்தான்னு சொல்லிடவா?"

"ஊழியர் இருக்கிற இடத்த வாடிக்கையாளர்கிட்ட சொல்லவே கூடாது. உன்னோட பாதுகாப்புக்காகப் போட்ட விதிம்மா அது."

இந்த இடத்தில் அணில் தந்திரமாக எதையாவது உளறிவைத்து வேடனை ஏமாற்றும் என்று எதிர்பார்ப்பீர்கள். நானும் எதிர்பார்த்தேன். ஆனால் செவ்வந்திக்கு ஆறு வருட அனுபவம். தெரிந்த விடையை வாய்க்குள் அடக்கிவைக்க அதனால் முடியவில்லை. எனக்கு அதன் மேல் கோபம்தான் வருகிறது. வேலையை நன்றாகச் செய்பவர்களிடம் இந்த வியாதி உண்டு, மருந்து கிடையாது.

"சார்," என்றது. "ஸ்கோப்பைப் பிடித்து அசைத்துப் பாருங்கள்."

"அட, ஆமாங்க! ஆடுது!"

"டப்பாவில் வளைந்த சாவி ஒன்று கொடுத்திருப்போம்."

"அதுங்களா? அதுல காது குடைஞ்சுட்டு இருக்கறேன்."

"அதைத் துடைத்துவிட்டு வளையத்துத் திருகாணிகளை இறுக்குங்கள் சார். ஒன்றை ஒரேயடியாக முறுக்காமல், குறுக்குக் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக."

அவர் இறுக்கினார். சுட்டார். மூன்று குண்டும் ஒன்றாகச் சேர்ந்து, புள்ளிக்கு இடது பக்கம் நாலு விரல் தள்ளி விழுந்தன.

"இப்போது குமிழைத் திருகுங்கள் சார். இனிமேல் பேச்சைக் கேட்கும்."

அடுத்த குண்டு புள்ளியைத் தூக்கிக்கொண்டு போனது. சென்னியப்பன் சின்னப் பிள்ளைபோலக் கத்தினார். பயத்துக்கு நடுவிலும் செவ்வந்திக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

"லைன்லயே இருங் அம்மணி, அணிலைப் பாத்துக்கறேன். ஆஹா, என்ன தெளிவு! பொந்து வாசல்லயே உக்காந்திருக்குது. அட, காதுல என்னமோ மாட்டியிருக்குதுங்க. வாய்க்கு முன்னால ஒரு கம்பி வேற."

செவ்வந்தி வாயை மூடிக்கொண்டது.

"வாயை மூடிருச்சுங்க. அம்மணி, கேக்குதுங்களா?"

"கே... கேட்கிறது சார்."

"இப்ப வாய் அசையுதுங்க!"

கூட்டல் குறி தன் நெஞ்சில் வந்து நிற்பதைச் செவ்வந்தியால் பார்க்க முடியவில்லை, உணர முடிந்தது. கத்தக் கூடாது, ஓடினால் அழைப்பு துண்டிக்கப்படும், பொய்யும் சொல்லக் கூடாது. என்ன செய்வதென்று தெரியாமல் வழிகாட்டிப் புத்தகத்தின் அடுத்த பக்கத்தைப் புரட்டி, அதில் இருந்ததை அப்படியே படித்தது.

"உங்கள் குறை தீர்ந்ததில் மகிழ்ச்சி சார். உங்கள் ஸ்கோப்புக்கு ஐந்து வருட வாரண்டி உண்டு. பதிவு முடியும்வரை லைனில் காத்திருக்கவும். நடுவில் துண்டித்தால் வாரண்டி ரத்தாகிவிடும்."

"அஞ்சு வருசமுங்களா! எத்தனை நேரம் வேணும்னாலும் இருக்கறனுங்க."

வீணை இசை தொடங்கியது. பத்து நொடிக்கு ஒரு தரம் ஒரு குரல் சொன்னது: "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது. தொடர்ந்து காத்திருக்க ஒன்றை அழுத்தவும்." சென்னியப்பன் துப்பாக்கியை மூட்டை மேல் வைத்துவிட்டு, ஒரு கையால் போனைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஒன்றை அழுத்தினார். மறுபடி அழுத்தினார்.

ஒறம்பரை வந்தது, ரசஞ்சோறு தின்றுவிட்டுப் போனது. மச்சானே காட்டுக்கு வந்து கூப்பிட்டுப் பார்த்தார். "சித்த இருங் மச்சான், நமக்கு முன்னால ரெண்டே பேருதான் இருக்காங்களாம்," என்று சொல்லி அனுப்பிவிட்டார் சென்னியப்பன்.

இதோடு இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. வாடிக்கையாளரை நீண்ட காலம் தக்கவைத்ததற்காக வேதமுத்துவுக்குக் கேடயம் கிடைத்தது. செவ்வந்தி தினமும் இறங்கிவந்து, அவர் கண்ணெதிரே அந்தத் துப்பாக்கி மேலேயே உட்கார்ந்து நாவல் பழம் தின்கிறது. அவரும் ஆசையாகப் பார்க்கிறார். கை ஒழியவில்லை.

நீதி: உன்னைக் கொல்ல வந்தவரிடமும் பொய் சொல்லாதே, லைனில் காத்திருக்கச் சொன்னால் போதும்.