பதினைந்தடி தூரத்தில் ஒரு சிலந்தி

வனவிலங்கிடமிருந்து பதினைந்தடி தள்ளி நிற்க வேண்டும். பாதையை விட்டு யாரும் கீழே இறங்கக் கூடாது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், வடபகுதியில் உள்ள காப்பர் வாஷ் பாலைவனப் பூங்காவுக்கு விதிகள் இந்த இரண்டுதான். இரண்டும் நல்ல விதிகள். தனித்தனியாக எடுத்துக்கொண்டால் எந்த நியாயஸ்தனும் குறை சொல்ல முடியாது.

எமெட் ஸ்லேட்டர் அந்தப் பூங்காவின் தற்காலிகக் காவலர். வசந்தத்தில் வேலைக்கு எடுப்பார்கள். பனி விழ ஆரம்பித்ததும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். தலை நரைக்கத் தொடங்கியும் அவருடைய தற்காலிகம் தீர்ந்தபாடில்லை. இந்த வருஷம் நிரந்தர வேலை ஒன்று காலியானது. மண்டல மேலாளர் ரோஜர் டில்மன் தாமே ஒரு மாலை நடையில் கலந்துகொண்டு, பார்வையாளர்களுக்கு ‘நிறைவான வனவிலங்குச் சந்திப்பு’ வாய்க்கிறதா, விதிமீறல் ஏதும் நிகழ்கிறதா என்பதை நேரில் கண்டு முடிவு சொல்வதாகத் திருவாய் மலர்ந்தருளியிருந்தார். சந்திப்பு நடக்காவிட்டாலும் வேலை போச்சு, மீறல் நடந்தாலும் போச்சு.

“இந்தத் தடவையும் இல்லைன்னா நான் அக்கா வீட்டுக்குக் கிளம்பறேன். நீ நாம குடியிருக்கிற அந்த வேன்லயே குளிர்காலத்தைக் கழிச்சுக்கோ” என்று மனைவி ராமோனா காலையிலேயே சொல்லியிருந்தாள். அவள் விளையாட்டுக்குச் சொல்கிறவள் இல்லை.

நடைக்கு வந்தவர்களில் இரண்டு பேர் குறிப்பிடத்தக்கவர்கள். ஒருவர் லாய்ட், ஓய்வுபெற்ற குழாய் வேலைக்காரர். சாதாரண ஜீன்ஸ், சாதாரணத் தொப்பி. மற்றவள் கோர்ட்னி. தலையிலிருந்து கால்வரை பாலைவன மண்ணின் நிறத்திலேயே உடுத்தியிருந்தாள்; தொலைந்துபோனால் தேடிக் கண்டுபிடிக்க வழியே இல்லை. காலில், வெறுங்காலோடு நடக்கிற அனுபவத்தைத் தரும் விசேஷச் செருப்பு. வெறுங்காலோடு நடப்பதைவிடச் செலவு கொஞ்சம் கூடுதல்.

வெயில் சாய்ந்த நேரத்தில் பாதை நடுவே ஒரு டரான்டுலாச் சிலந்தி வந்தது. உள்ளங்கை அகலம், உடம்பெல்லாம் மயிர், அவசரமே இல்லாத நடை. எமெட்டுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“ஐயோ, எவ்ளோ அழகு!” என்று கோர்ட்னி போனைத் தூக்கினாள். உடனே இறக்கினாள். “அதோட சம்மதம் இல்லாம எடுக்கலாமா?”

“கோவம் வந்தா முன்னங்காலைத் தூக்கிக் காட்டுங்க. இப்ப அது சும்மா போகுது” என்றார் எமெட்.

“அப்போ சம்மதம்!” படங்கள் மளமளவென்று விழுந்தன.

“எங்க போகுது தம்பி அது?” என்று கேட்டார் லாய்ட்.

“ஆம்பளைச் சிலந்திங்க. ஏழெட்டு வருஷம் வளைக்குள்ளயே காத்துக்கெடந்து, ஒரே ஒரு தடவை வெளிய வரும், பொண்ணு தேடி. கிடைச்சாலும் கிடைக்காட்டாலும் குளிர் முத்தறதுக்குள்ள செத்துரும்.”

மேலாளர் “நிறைவான விளக்கம்” என்றார்.

அப்போதுதான் சிலந்தி இவர்களை நோக்கித் திரும்பியது.

“பதினஞ்சடி! பதினஞ்சடி!” என்று டில்மன் கூவினார். கூட்டம் பின்வாங்கியது. சிலந்தி முன்னேறியது.

“ஓரமா ஒதுங்கி வழி விட்டுரலாமே?”

“பாதைய விட்டு இறங்கக் கூடாதுங்க, லாய்ட். அந்தக் கறுப்புப் பொருக்கைப் பாத்தீங்களா? அது உயிருள்ள மண்ணு. ஒரு தடவை மிதிச்சா மறுபடி வளர ஒரு தலைமுறை ஆகும்” என்றார் எமெட்.

“அப்போ தொப்பியால லேசாத் தள்ளி விடறேன்.”

“அது வனவிலங்குக்கு இடையூறு!” என்று மேலாளர் குறுக்கிட்டார்.

“அப்ப என்னதான் பண்றது?”

“பின்னாடி நடங்க” என்றார் டில்மன்.

நடந்தார்கள். சிலந்தி நின்றால் அரசாங்கம் நின்றது; சிலந்தி நடந்தால் அரசாங்கம் பின்னோக்கி நடந்தது. இப்படியே வண்டி நிறுத்துமிடம்வரை போய்விடலாம் என்று எல்லோரும் மனதைத் தேற்றிக்கொண்டிருந்தபோது, பின்னால் பார்த்த கோர்ட்னி அலறினாள். அந்தப் பக்கமிருந்தும் ஒரு சிலந்தி வந்துகொண்டிருந்தது.

இரண்டுக்கும் நடுவே முப்பதடி. பதினைந்தும் பதினைந்தும் முப்பது. ஆகவே அத்தனை பேரும் குறுக்கே ஒற்றை வரிசையாக, ஒரே கோட்டின் மேல் நிற்க வேண்டியதாயிற்று. மேலாளரின் முகவாய் லாய்டின் தோள்மேல் இருந்தது.

நெருக்கடியில்தான் நிர்வாகத் திறமை வெளிப்படும். டில்மன் தொண்டையைச் செருமினார்.

“பாதைன்னா என்ன? ஜனங்க நடக்கிற இடம். ஒருத்தர் கீழ இறங்கினா அது மீறல். எல்லாரும் ஒரே நேரத்துல இறங்கினா, அதுவே பாதை. இடது பக்கம் இறங்கறோம்.”

இடது பக்கத்துப் புதரடியில், வாசலில் வெள்ளை நூல் கட்டிய ஒரு வளை இருந்தது. உள்ளே ஒரு பெண் சிலந்தி. இரண்டு ஆண்களும் இவ்வளவு தூரம் நடந்து வந்தது அவளுக்காகத்தான். இது எமெட்டுக்கு மட்டும் தெரியும். சாயங்காலங்களில் யாரும் இல்லாதபோது பாதையை விட்டு இறங்கிப் போய்க் குனிந்து பார்த்திருக்கிறார். சொன்னால், உமக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள்.

“சார், வலது பக்கம் இறங்கலாமே?”

“ஏன்?”

எமெட்டின் கண்முன் ராமோனாவின் முகம் வந்தது. “சும்மாதாங்க சார்” என்றார்.

“வலது பக்கம் வேண்டாம், வெயிலுக்கு எதிரா நின்னா படம் இருட்டா விழும்” என்றாள் கோர்ட்னி.

“பார்வையாளர் திருப்தியே பிரதானம்” என்றார் டில்மன். “எல்லாரும் சேர்ந்து! ஒண்ணு, ரெண்டு, மூணு!”

அப்பளம் நொறுங்குகிற சத்தம் கேட்டது. எமெட்டும்தான் மிதித்தார்.

அங்கேயே, அந்தப் புத்தம்புதிய பாதையின்மேல் நின்றபடி, டில்மன் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். “சந்திப்பும் நடந்தது, மீறலும் இல்லை. இன்னியிலிருந்து நீங்க நிரந்தரம், எமெட்.” எல்லோரும் கைதட்டினார்கள்.

முதல் சிலந்தி அவர்கள் பக்கமாகத் திரும்பியது. கூட்டம் மரியாதையாகப் பழைய பாதைக்கு ஏறி விலகி நின்றது. அது மிதிபட்ட மண்ணில் இங்குமங்கும் சுற்றிவிட்டுப் புதரடியில் ஓரிடத்தில் நின்று, முன்னங்கால்களால் தரையைத் தட்டியது. நிறுத்தியது. மறுபடி தட்டியது.

“டான்ஸ் ஆடுது! நமக்காக!” என்று கோர்ட்னி கண் கலங்கினாள்.

“என்ன பண்ணுது எமெட் அது?”

“பொண்ணோட வாசல்ல தட்டுற மாதிரி தட்டுதுங்க சார். உள்ளருந்து பதில் வந்தாத்தான் போகும்.”

“பாத்தீங்களா! அனுமதி இல்லாம அது உள்ள போகாது. இந்த ஒழுங்கு மனுஷனுக்கு வரமாட்டேங்குதே!” என்றார் டில்மன்.

எல்லோரும் சிரித்தார்கள். முதலில் சிரித்தவர் நிரந்தர ஊழியர்.

லாய்ட் மட்டும் சிரிக்கவில்லை. “ஏன் தம்பி, அந்த இடத்துல வளை ஏதும் இருக்கா என்ன?”

“இல்லைங்க” என்றார் எமெட்.

அவர் பொய் சொல்லவில்லை. கொஞ்சம் முன்னால் கேட்டிருந்தால் அது பொய்யாகியிருக்கும்.