பின்னங்காலைப் பிடித்துப் பின்னாலேயே நடந்த கதை

அன்பும் மரியாதையும் நிறைந்த சம்பந்தி அவர்களுக்கு,

நாங்கள் நலம், நாய்கள் உட்பட. நாய்களை முதலிலேயே சேர்த்துக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. போன வாரம் நீங்கள் போனில் “ஞாயித்துக்கிழமை வண்டியோட வர்றேன், பொண்ணையும் நாயையும் ஏத்திக்கிட்டுப் போயிடறேன்” என்றீர்கள். அன்றிலிருந்து இங்கே யாருக்கும் சோறு இறங்கவில்லை. வண்டி வேண்டாம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் பாதியிலேயே வைத்துவிடுவீர்கள். எனக்கு எழுத்து வராது, சொல்லச் சொல்ல உங்கள் மகள்தான் எழுதுகிறாள். தன்னைப் புகழ்கிற இடம் வந்தால் பேனாவைக் கீழே வைக்கிறாள், அதட்டித்தான் எடுக்க வைக்கிறேன்.

எங்கள் வீட்டில் முன்னறை சைக்கிள் ரிப்பேர் கடை, பின்னால் சமையலறை, நடுவில் ஒரு கதவு. எங்கள் நாய் மேஸ்திரி. யார் வேலை செய்தாலும் பக்கத்தில் உட்கார்ந்து குறை கண்டுபிடிக்கிற மாதிரி பார்க்கும், அதனால் அந்தப் பேர். உங்கள் மகள் கூட்டி வந்த பஞ்சு பேரில்தான் பஞ்சு, எழுந்து நின்றால் என் தோளில் கை போடும். ஒரு தடவை நான் டீ குடிக்கும்போது போட்டது, அது தனிக்கதை. மகன் கப்பல் வேலைக்குப் போன பிறகு மருமகளும் பஞ்சும் எங்களோடு வந்தார்கள் இல்லையா, அன்றைக்கே ரெண்டுக்கும் முறைப்பு. மருமகள் கதவைச் சாத்தி, ஒன்று முன்னால, ஒன்று உள்ளே, தனித்தனித் தட்டு என்று வைத்திருந்தாள். ஒரே வீட்டுக்குள்ள எதுக்கு ரெண்டு குடித்தனம் என்று எனக்கு மனசு கேட்கல. நமக்குள்ள மனஸ்தாபம் வந்தப்போ ஒரே மேஜையில உட்கார்ந்து சாப்பிட்டுத்தானே தீர்த்துக்கிட்டோம்? அதே யோசனைதான். அவள் குளிக்கப் போன நேரம் பார்த்துக் கதவைத் திறந்தேன், ஒரே தட்டில் இறைச்சியைப் போட்டேன், ரெண்டுக்கும் நடுவுல வச்சேன்.

தட்டு தரையைத் தொட்டுச்சா இல்லையான்னே தெரியல சம்பந்தி. ரெண்டும் ஒரே உருண்டையாயிடுச்சு. நான் பஞ்சர் பார்க்கிற தொட்டித் தண்ணியை அப்படியே ஊத்தினேன், நனைஞ்சுக்கிட்டே சண்டை போட்டுச்சு. என் வீட்டுக்காரி கத்திக்கிட்டே கழுத்துப் பட்டையைப் பிடிக்கக் கையை நீட்டினா. அப்போதான் உங்க மகள் தலையில சோப்பு நுரையோட வந்து நின்னா. குரலைக்கூட உயர்த்தல.

“அத்தை, கையை எடுங்க. கத்தாதீங்க, கத்தினா இன்னும் வெறியாகும். மாமா, மேஸ்திரிக்குப் பின்னால வாங்க. பின்னங்கால் ரெண்டையும் தொடைகிட்டப் பிடிங்க. பஞ்சை நான் பிடிக்கறேன். கவ்வியிருக்கும்போது இழுத்தா சதை கிழிஞ்சிடும், அதுங்களே வாயைத் திறக்கட்டும்.”

பிடிச்சோம். காத்திருந்தோம். ரெண்டும் வாயைத் திறந்துச்சு. “இப்ப” என்று சத்தம் வந்தது. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல தூக்கிப் பின்னால இழுத்தோம். “வளைஞ்சு வளைஞ்சு போங்க மாமா, நின்னா திரும்பிக் கடிக்கும். கதவு சாத்தற வரைக்கும் விடாதீங்க” என்று சொல்லிக்கிட்டே அவ பஞ்சோட சமையலறைக்குள்ள போயிட்டா. கதவு சாத்தியாச்சான்னு பார்க்க எனக்கு ஏது நேரம்? வளைஞ்சுக்கிட்டே கடையைத் தாண்டித் தெருவுக்கு வந்துட்டேன்.

எதிர்க்கடை முடிவெட்டுறவர் கத்தரியோட வெளியே வந்தார். “என்ன அண்ணே, புது மாடல் வண்டியா? சக்கரத்தைக் காணோமே?”

“கதவு சாத்தணும்ப்பா.”

“தெருவுக்கு ஏதுண்ணே கதவு?”

அவரோட வாசலை எத்தனை சுத்து சுத்தினேனோ. உங்க மகள் கயித்தோட ஓடி வந்து, “மாமா, போதும், சாத்தியாச்சு” என்ற பிறகுதான் விட்டேன்.

ஒரு அடி இல்லை, ஒரு திட்டு இல்லை, எங்க யாருக்கும் ஒரு கீறல் இல்லை. பஞ்சுக்கு மட்டும் காதுல தையல். இத்தனை வயசுல எத்தனையோ சண்டை பார்த்துட்டேன், விலக்கப் போனவன் அடி வாங்காம வந்த சண்டை இது ஒண்ணுதான். அந்தப் பொண்ணுக்கு முன்னால உட்காரவே இப்போ எனக்குக் கூச்சமா இருக்கு. (இங்கே பேனா கீழே போனது.)

என் வீட்டுக்காரி அன்னிக்குப் பயத்துல உங்களுக்குப் போன் போட்டு நாயைக் கூட்டிட்டுப் போகச் சொன்னது நிஜம். நாய் போனா நானும் போறேன்னு உங்க மகள் சொன்னதும் நிஜம். இப்போ பஞ்சு காதுக்கு மருந்து போடறது என் வீட்டுக்காரிதான். தட்டு தனி, அறை தனி. சாயங்காலம் ரெண்டையும் கயித்துல பிடிச்சு, ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒருத்தர், அந்தப் பக்கம் ஒருத்தரா ஒரே திசையில நடக்கிறோம். சண்டைன்னா என்னன்னு கரைச்சுக் குடிச்ச மருமகள் இருக்கிற வீட்டுக்கு இனி என்ன பயம்?

உங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கம், சின்னவர்களுக்கு ஆசி. எல்லோரும் கைகால் சுகத்தோடு இருக்கணும்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: அப்பா, இது நானே எழுதறது. மாமா கடைக்குப் போயிட்டார். நான் இதுவரைக்கும் ஒரு நாய்ச் சண்டையையும் விலக்கினதில்லை. யாரோ சொல்லிக் கேட்டதை அப்படியே ஒப்பிச்சேன், அவ்வளவுதான். பஞ்சு காலைப் பிடிச்சதும் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டேன். “இப்ப”ன்னு சொன்னது அத்தை. வண்டி வேண்டாம்ப்பா. மாமா கேட்டா, சின்ன வயசிலேர்ந்து இவளுக்கு இதே வேலைதான்னு சொல்லிடுங்க. நேத்து ரெண்டும் கதவிடுக்கு வழியா மறுபடி உறுமிச்சு. நிஜம் தெரிஞ்சா மாமா அடுத்த தடவை கிட்டவே வரமாட்டார், இன்னொரு நாயோட காலைப் பிடிக்க எனக்கு அவரை விட்டா ஆள் கிடையாது.