வாசனை இல்லாத கோட்டு

அன்பும் மரியாதையும் கலந்த மாப்பிள்ளைக்கு, மாமனார் எழுதுவது. நானும் உங்கள் அத்தையும் நலம். கடிதத்துக்காக எழுதும் நலம் இல்லை, நிஜமாகவே நலம். அதற்கு நன்றி சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நம் டிரைகிளீனிங் கடையின் கல்லாவில் உட்கார்ந்த நாளிலிருந்து உங்கள் அத்தைக்குத் தலைவலி. காரணம் கேட்டால் என்னைக் கைகாட்டுவாள். நானும் வாயைக் குறைத்தேன், குறட்டைக்குப் பயந்து கூடத்தில் படுத்தேன், தலைவலி அசையவில்லை. நீங்கள் வந்து மெஷினை மோந்து பார்த்து, "மாமா, தலைவலி உங்களால இல்ல, நீங்க அழுக்கெடுக்க ஊத்துற இந்த மருந்தால" என்றீர்கள். அந்த ஒரு வார்த்தைக்கே உங்களுக்குப் பெண் கொடுத்தது தகும். நீங்கள் சொன்னபடி அந்த மெஷினைத் தூக்கிவிட்டு, தண்ணீரிலேயே பதமாக அலசும் மெஷினை வாங்கிப் போட்டேன். முதல் நாளே பழைய பழக்கத்தில் சூட்டைக் கூட்டி வைத்துத் தொலைத்தேன். வங்கி மேலாளரின் கம்பளிக் கோட்டு அவர் பேரனுக்குக் கச்சிதமாகிவிட்டது. அவர் பேசியதை எழுதினால் தாள் கிழியும். அப்புறம் கை பழகியது. உங்கள் அத்தையின் தலைவலியும் போயே போய்விட்டது. கல்லாவில் உட்கார்ந்து பாடுகிறாள், மாப்பிள்ளை! பாட்டு சுமார்தான், ஆனாலும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்தச் சமயம் பார்த்து, துவைக்கப் போட்டதை வாங்க வாடிக்கைக்கார வக்கீலம்மா ஒருவர் வந்தார். கறுப்புக் கோட்டை மூக்கில் வைத்து, "மருந்து வாசனையே வரலையே, துவைச்சீங்களா, சும்மா மடிச்சு வெச்சீங்களா?" என்றார். "வாசனை இல்லாததுதாம்மா சுத்தம்" என்றேன். "அப்போ துவைச்சதுக்கு என்ன அத்தாட்சி?" என்றார். வக்கீலிடம் வாய் கொடுக்கலாமா? அவர் பின்னாலேயே நாலு பேர் அடுத்த தெருக் கடைக்குப் போய்விட்டார்கள். மிச்சமிருந்த பழைய மருந்தில் ஒரு குப்பியைக் கல்லாவுக்கு அடியில் வைத்துக்கொண்டு, துணி போட்டுத் தரும் ஒவ்வொரு உறையின் மேலும் ஒரு சொட்டுத் தடவிக் கொடுக்கிறேன். எல்லோரும் மோந்து பார்த்துத் திருப்தியாகப் போகிறார்கள். மாமனாரின் சாமர்த்தியம் எப்படி?

மகளுக்கு என் அன்பு. உங்கள் கோட்டை அனுப்புங்கள், தடவாமல் தருகிறேன். இருவரும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
குற்றமற்ற மாமனார்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது உங்கள் அத்தை நெற்றியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். தலைவலி திரும்பிவிட்டதாம். இன்னொரு கையில் அந்தக் குப்பி. "தலைவலிக்கு நீங்கதான் காரணம்னு இத்தனை வருஷமா நான் சொன்னப்ப யாராவது நம்புனாங்களா?" என்கிறாள். வக்கீலம்மாவை இனி அவளே பார்த்துக்கொள்வாளாம். சாக்கடையில் ஊற்றக் கூடாது என்று நீங்கள் சொன்னது நினைவிருக்கிறது. குப்பியை எங்கே ஒப்படைப்பது என்று எழுதுங்கள். மேலே 'குற்றமற்ற' என்று இருப்பதை மட்டும் அடித்துவிடுங்கள்.